ஆசானில்லாக் கல்வி: தமிழ்ப் புனைகதையாளர் தொழில் பயின்ற வரலாறு

1. ஆய்வின் நோக்கம்

தமிழில் செய்யுள் இயற்றக் கற்பவனுக்கு இலக்கணம் உண்டு. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என உறுப்புகளை ஒழுங்குபட எடுத்துரைக்கும் யாப்பருங்கலக் காரிகையைப் பாடங்கேட்டு, பின்னர் வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் பாடிப் பழகுதல் நம் நாட்டில் நெடுங்காலம் நிலவிய கல்விமுறையாகும். உரைநடையில் கதை புனையக் கற்பவனுக்கோ அத்தகைய இலக்கணம் எதுவும் நம் மரபில் வகுக்கப்படவில்லை. உரையின் வகைகளைச் செய்யுளியலில் கூறும் தொல்காப்பியர், உள்ளதன்றிப் புனைந்து கூறும் உரையையும், நகை விளைத்து உண்மை உணர்த்தும் உரையையும் ஏற்றுக்கொள்கின்றார். அவற்றை ஆக்கும் முறையை அவர் வகுத்தாரல்லர்.

எனினும் 1879ஆம் ஆண்டில் பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறியது முதல் 1966ஆம் ஆண்டில் ஒரு புளியமரத்தின் கதை வெளிவந்தது வரை உள்ள 87 ஆண்டுகளில், உலகின் எம்மொழிக் கதையோடும் ஒப்பவைத்துக் காணத்தக்க புனைகதைகள் தமிழில் தோன்றிவிட்டன. இலக்கணமும் பள்ளியும் ஆசிரியரும் இல்லாத இடத்தில் இத்தொழிலை இவர்கள் எங்ஙனம் கற்றனர் என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் வினா.

இவ்வினாவுக்கு இருவகை விடைகள் வழக்கில் உள்ளன. கதையெழுதும் ஆற்றல் பிறவியில் வாய்ப்பது, கற்று வருவதன்று என்பது ஒன்று. தமிழ்ப் புனைகதை மேனாட்டுக் கதையைப் பார்த்து எழுதப்பட்டது, அதில் கற்க வேறொன்றும் இருந்திலது என்பது மற்றொன்று. இரண்டும் வரலாற்றோடு பொருந்துவன அல்ல என்பதைக் கீழே காட்டுவோம்.

இவ்வாராய்ச்சியில் யான் புகுந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. முதுகலை வகுப்பு மாணவி ஒருத்தி தான் எழுதிய சிறுகதையை என்னிடம் தந்து, கருத்துக் கேட்டாள். ஒற்றுப் பிழைகளையும் ஒருமை பன்மை மயக்கத்தையும் திருத்தித் திருப்பிக் கொடுத்தேன். அவள் அதனைப் பார்த்துவிட்டு, “ஐயா, பிழை திருத்தியமைக்கு நன்றி. இது கதையாக இருக்கிறதா?” என்று வினவினாள். சிறுகதையின் இலக்கணம் பற்றி வகுப்பில் உரைப்பதையே அவளுக்கு மீண்டும் உரைத்தேன். அவள் பணிவோடு கேட்டுச் சென்றாள்; அதன்பின் கதை எதனையும் கொண்டுவந்திலள். கதையின் வரலாற்றைப் பல்லாண்டுகள் கற்பித்த எனக்குக் கதை கற்கப்பட்ட வரலாறு தெரியவில்லை என்பதை அன்று உணர்ந்தேன்.

இவ்வரலாற்றை அளந்தறிவதற்கு அளவுகோல் நம் மரபிலேயே கிடைக்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் கல்வியை நான்கு காற்பங்காகப் பகுக்கின்றார். ஆசிரியன் கூறியதை எவ்வளவு நன்றாகக் கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது ஒரு காற்பங்கே. உடன் கற்போரோடு பழகிப் பெறுவது மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கும் தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதனாலேயே நிரம்பும். தமிழ்ப் புனைகதையாளர்க்கு முதற் காற்பங்கு பெரும்பாலும் கிட்டவில்லை. ஏனைய முக்காற் பங்கை அவர்கள் எங்ஙனம் தேடிக்கொண்டனர் என்பதே நாம் காணப்போகும் வரலாறு.

2. மாதிரியில்லாத் தொடக்கம்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் போக்குதலே தம் நோக்கம் எனக் கூறிக்கொண்டு பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டார். அவர்முன் தமிழ் நாவல் என ஒன்று இருந்ததில்லை. ஆதலின் தமக்குத் தெரிந்த வடிவங்களையெல்லாம் அவர் அதனுட் பெய்தார். கிளைக்கதைகள், நகைத்துணுக்குகள், நீதியுரைகள் ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஆண்வேடம் பூண்ட ஞானாம்பாள் நாடாளும் நிகழ்ச்சியும் இடம்பெறுகின்றது. முறைமன்றத்தில் பல்லாண்டு வழக்குக் கேட்டவரின் நுண்ணறிவு நூல் முழுதும் ஒளிர்கின்றது. ஆயினும் கதையைக் கட்டும் கயிறு இடையிடையே நெகிழ்ந்துபோகின்றது.

அடுத்துவந்த பி. ஆர். ராஜம் ஐயர் (1872–1898) கமலாம்பாள் சரித்திரத்தை விவேகசிந்தாமணி என்னும் திங்களிதழில் 1893 முதல் 1895 வரை தொடராக எழுதினார். எழுதத் தொடங்குகையில் அவர் அகவை 21. சிறுகுளம் என்னும் சிற்றூரையும், வம்பு பேசும் பெண்டிரையும், தமிழ்ப்புலவர் அம்மையப்ப பிள்ளையையும் நேரிற் கண்டாற்போல முற்பகுதியில் தீட்டியவர், பிற்பகுதியில் வேதாந்த நெறிக்குக் கதையை ஒப்படைத்துவிட்டார். தம் வளர்ச்சியைத் திங்கள்தோறும் அச்சிற் காட்டிக்கொண்டே கற்ற முதல் தமிழ்ப் புனைகதையாளர் அவர் எனலாம்.

அ. மாதவையா (1872–1925) வரலாறு இன்னும் தெளிவானது. 1892இல் அதே இதழில் சாவித்திரி சரித்திரம் என்னும் தொடரை அவர் தொடங்கினார். அது இடையில் நின்றது. 1898இல் பத்மாவதி சரித்திரத்தை வெளியிட்ட பின்னர், நின்ற கதையை மீண்டும் எடுத்து 1903இல் முத்துமீனாக்ஷி என முடித்தார். பதினொரு ஆண்டு கழித்துப் பழைய கதையை மறுபடியும் கையிலெடுத்தமை, எழுதியதைத் திரும்ப எழுதுதலும் கல்வியே என்பதற்கு நம் மொழியில் கிடைக்கும் பழஞ்சான்றாகும்.

3. குளத்தங்கரையிற் கற்ற பாடம்

வ. வே. சு. ஐயரின் (1881–1925) குளத்தங்கரை அரசமரம் 1915இல் விவேகபோதினியில் வெளிவந்தது. தமிழ்ச் சிறுகதையின் தொடக்கமாகப் பலரும் இதனைச் சுட்டுவர். 1884இல் இரவீந்திரநாத தாகூர் வங்கமொழியில் எழுதிய படித்துறையின் கதையே இதன் தூண்டுகோல் என்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். இதனைக் குறையாகக் கருதுவாரும், கூறாது விடுவாருமே மிகுதி. தொழில் பயின்ற வரலாற்றை ஆராயும் நமக்கோ இவ்வொப்புமை அரியதொரு சான்றாகின்றது; ஆசிரியர் கொண்டதையும் மாற்றியதையும் அருகருகே வைத்துக் காண இடந்தருகின்றது.

தாகூர் கதையைச் சொல்வது கங்கைக்கரைப் படித்துறை. கைம்மை எய்திய சிறுபெண் குசும் அப்படியில் அமர்ந்து வளர்கின்றாள். அவ்வூர்க்கு வந்த துறவி ஒருவரிடம் அவள் உள்ளம் செல்கின்றது. தன்னை மறந்துவிடுமாறு அவர் கூறிச் செல்ல, அவள் ஆற்றில் இறங்கி மறைகின்றாள். ஐயர் கதையைச் சொல்வது குளக்கரை அரசமரம். ருக்மிணி கைம்பெண் அல்லள். மணமாகியும் கணவன் வீடு செல்லாத இளம்பெண். அவள் தந்தை ஆர்பத்நாட் வணிக நிறுவனத்தின் வீழ்ச்சியால் பொருளிழக்கின்றார். சென்னையில் அந்நிறுவனம் 1906இல் உண்மையாகவே முறிந்து, பல குடும்பங்களை வறுமையில் தள்ளியது. பொருள் போனதும் சம்பந்தியர் மனம் மாறி, மகனுக்கு வேறு மணம் பேசுகின்றனர். கணவன் நாகராஜன் அம்மணத்தை நடத்தவொட்டாது இறுதியில் கைவிடக் கருதுகின்றான். ஆயினும் அதனை மனைவியிடம் வெளிப்படக் கூறாது மறைக்கின்றான். ருக்மிணி குளத்தில் உயிர் துறக்கின்றாள்.

ஐயர் தாகூரிடம் கொண்டது ஒன்றே: கதையைச் சொல்லும் பொருள், அசையாது ஓரிடத்தில் நிற்பதாக இருத்தல் வேண்டும் என்பது. தம் மண்ணிலிருந்து கொண்டவை சீர்வரிசை, சம்பந்தியர் பேராசை, நகரத்து வணிகம் முறிந்தால் சிற்றூர் வீட்டில் அடுப்பணையும் நிலை ஆகியவை. தாகூரின் பெண்ணை அவள் உள்ளத்துக் காதல் கொல்கின்றது. ஐயரின் பெண்ணைப் பணக்கணக்கும் கணவனின் மறைப்பும் சேர்ந்து கொல்கின்றன.

இன்னுமொரு நுட்பத்தையும் ஈண்டுக் கருதல் வேண்டும். நாகராஜன் தன் எண்ணத்தை நண்பனிடம் மரத்தடியில் வெளியிடுகின்றான். மரம் அதனைக் கேட்கின்றது, ருக்மிணி கேட்டிலள். மரத்துக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது. தெரிந்த மரத்துக்கோ அவளிடம் பேச வாய் இல்லை. கதை சொல்வோன் எதனை அறியலாம், எதனை அறிந்தும் சொல்ல இயலாது என்னும் வினா தமிழ்ப் புனைகதையில் இங்குதான் தொழில்நுட்பமாக உருப்பெறுகின்றது. பிரதாப முதலியாரில் இவ்வினா எழுந்ததே இல்லை. மேனாட்டு மொழிகள் பலவற்றைக் கற்றவராகிய ஐயர்க்கு, அண்டை மொழிக் கதை ஒன்றைத் தம் ஊர்க் குளக்கரைக்கு மாற்றிச் சொல்லிப் பார்த்ததே பயிற்சியாக அமைந்தது.

4. தழுவலும் மொழிபெயர்ப்பும்

பிறர் கதையைத் தன் மொழியில் சொல்லிப்பார்த்தல் நன்னூலார் கூறும் அரைப்பங்கைச் சேர்ந்தது. சுப்பிரமணிய பாரதியார் (1882–1921) தாகூர் சிறுகதைகள் சிலவற்றை மொழிபெயர்த்தார். டி. எஸ். சொக்கலிங்கம் டால்ஸ்டாயின் பெருநாவலைப் போரும் வாழ்வும் எனத் தந்தார். கு. ப. ராஜகோபாலன் ஸ்டீவன்சனின் கதை ஒன்றை இரட்டை மனிதன் எனத் தமிழாக்கினார். முன்னணிப் படைப்பாளர் பலர் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தமை தற்செயல் அன்று.

புதுமைப்பித்தன் (1906–1948) இவ்வகையில் தனித்து ஆராயத்தக்கவர். ஏறத்தாழ நூறு கதைகள் எழுதிய அவர், ஐம்பதுக்கு மேற்பட்ட பிறமொழிக் கதைகளைத் தமிழில் தந்துள்ளார். பிறமொழிக் கதையின் பெயரையும் ஊரையும் மாற்றித் தமிழ்க்கதைபோல் வெளியிடும் தழுவல்முறை அக்காலத்து மலிந்திருந்தது. அதனை அவர் வன்மையாகக் கண்டித்து, மொழிபெயர்ப்பே தக்கது என வாதிட்டார். அவருடைய சில கதைகளே மாப்பசான் கதைகளைத் தழுவியவை எனப் பின்வந்த ஆய்வாளர் காட்டியுள்ளமையும் மறைக்கத்தக்கதன்று. அவரைக் குறைகூறுவார்க்கு இது முரணாகத் தோன்றும். கற்றல் வரலாற்றை நோக்குவார்க்கோ, ஒரு வழியில் சென்று அதன் எல்லையைக் கண்டு திரும்பியவரின் தீர்ப்பு இது எனத் தோன்றும்.

தழுவலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் பயிற்சி முறையில் பெரிதும் வேறுபாடு உண்டு. தழுவுவோன் தனக்கு அரிதாகப்பட்டதை விட்டுவிடலாம். கதைத்தலைவன் நெஞ்சம் விளங்காவிடில் அவன் பெயரை மாற்றித் தப்பித்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்போனுக்கு அவ்வுரிமை இல்லை. மூல ஆசிரியன் ஓரிடத்தில் ஏன் நிறுத்தினான், ஏன் இதனைக் கூறாது விட்டான், இவ்வுரையாடல் ஏன் இத்துணைக் குறுகியது என்பதனைச் சொற்சொல்லாக நின்று ஆராய்ந்தாலன்றி அவன் அடுத்த தொடர்க்குச் செல்ல இயலாது.

புதுமைப்பித்தன் கதைகளைக் கால வரிசையில் அமைத்து ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த தொகுப்பு 2000இல் வெளிவந்தபின், இவ்வளர்ச்சியைப் பின்தொடர்தல் எளிதாயிற்று. 1934இல் வெளிவந்த பொன்னகரத்தில் ஆசிரியர் குரல் ஓங்கி ஒலிக்கின்றது. கதை முடிந்தபின்னும் அவர் நம்மை நோக்கிக் கற்புப் பேசுவோரை எள்ளுகின்றார். 1943இல் வெளிவந்த செல்லம்மாளில் நோயுற்ற மனைவியின் அருகே பிரமநாயகம் பிள்ளை அமர்ந்திருக்கின்றார். அவர் செய்வதையும் நினைப்பதையும் ஆசிரியர் காட்டுகின்றார். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பைப் படிப்போரிடம் விட்டு விலகிக்கொள்கின்றார். இடைப்பட்ட ஆண்டுகள் அவர் நாளிதழ்ப் பணியோடு பிறமொழிக் கதைகளைத் தமிழாக்கிய ஆண்டுகளுமாகும். காலவொற்றுமை ஒன்றனையே காரணமாகக் கொள்ளல் பொருந்தாது. ஆயினும் சொல்லாது நிறுத்தும் கலையை ஒருவர் பயிலுதற்கு மொழிபெயர்ப்பினும் கடுமையான பயிற்சி வேறில்லை என்பது தெளிவு.

5. உடன் பயின்றோர்

இரண்டாங் காற்பங்காகிய உடன் பயிலுதலுக்கு இதழ்களே இடமாயின. மணிக்கொடி 1933 செப்டம்பரில் கே. சீனிவாசன், வ. ரா., டி. எஸ். சொக்கலிங்கம் ஆகியோர் முயற்சியால் கிழமையிதழாகத் தோன்றியது. 1935இல் பி. எஸ். ராமையா பொறுப்பில் சிறுகதைக்கென்றே உரிய இதழாக மாறி, 1938 வரை அந்நிலையில் நடந்தது. மூன்றாண்டு என்பது ஓர் இதழ்க்குக் குறுகிய வாழ்வே. எனினும் ந. பிச்சமூர்த்தி, கு. ப. ரா., புதுமைப்பித்தன், மௌனி, சி. சு. செல்லப்பா முதலியோர் ஒருவர் கதையை ஒருவர் உடனுக்குடன் படிக்கும் வாய்ப்பை அம்மூன்றாண்டு நல்கியது. இவர்தம் நடைகள் ஒன்றையொன்று ஒத்தனவல்ல. பிச்சமூர்த்தியின் அமைதியும் புதுமைப்பித்தனின் எள்ளலும் மௌனியின் மயக்கமும் ஒரே இதழின் பக்கங்களில் அடுத்தடுத்து நின்றன. உடன் பயில்வோன் எழுதியதைக் கண்டு, தன் வழி அதுவன்று எனத் தெளிதலும் கல்வியின் ஒரு கூறே.

ராமையாவின் பணி ஈண்டுச் சிறப்பாக நினைக்கத்தக்கது. மணி என்னும் இயற்பெயருடையாரை எழுதுமாறு தூண்டி, மௌனி என்னும் புனைபெயரைச் சூட்டி, 1936 முதல் அவர் கதைகளை மணிக்கொடியில் வெளியிட்டவர் ராமையாவே. பதினாறு அகவையினராய் இருந்த எம். வி. வெங்கட்ராமின் முதற்கதையும் 1936இல் மணிக்கொடியில் இடம்பெற்றது. பெயரறியாத இளையோர் கதையைப் படித்து ஏற்கும் துணிவு இதழாசிரியருக்கு இருத்தல் வேண்டும் என்பதற்கு இவை சான்று.

கும்பகோணம் இவ்வகைக் கல்வியின் மற்றொரு களம். கு. ப. ரா.வும் பிச்சமூர்த்தியும் அவ்வூரில் அண்டை வீட்டினராய் வாழ்ந்து, இரட்டையர் எனப் பெயர்பெற்றனர். கு. ப. ரா. பின்னர்த் துறையூரில் கிராம ஊழியன் இதழின் ஆசிரியராயிருந்தபோது, இளைஞராகிய தி. ஜானகிராமனின் முதல் நாவல் அமிர்தம் அவ்விதழில் தொடராக வந்தது. கு. ப. ரா. 1944இல் மறைந்தார். எம். வி. வெங்கட்ராம் 1948இல் கும்பகோணத்திலிருந்து தேனீ என்னும் இதழை நடத்திக் கரிச்சான் குஞ்சு முதலிய தோழரோடு அவ்விளக்கை அணையாது காத்தார். காவிரிக்கரையில் ஒருவர் கையினின்று ஒருவர் கைக்குக் கதைத்தொழில் மாறிச்சென்ற வரலாறு இது.

ஈழநாட்டிலும் இம்முறையே நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்தில் 1930இல் தொடங்கிய ஈழகேசரி 1958 வரை வெளிவந்து, இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் ஆகியோர் தலைமுறைக்கும் அடுத்துவந்த இளைஞர்க்கும் களமாயிற்று. அவ்விளைஞர் கூடிய மறுமலர்ச்சிச் சங்கம் 1946 முதல் 1948 வரை மறுமலர்ச்சி என்னும் இதழை நடத்தியது. கடல் கடந்தும் கல்வியின் வடிவம் மாறவில்லை.

6. சொல்லக் கேட்டு எழுதியோர்

அரைப்பங்கு தருவது பிறர்க்கு உரைத்தல் என்றோம். இதனை ஐயமற விளக்குவன இரு பெண்மணிகளின் வரலாறுகள்.

வை. மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960) பள்ளி சென்று பயின்றவர் அல்லர். ஆறு அகவைக்குள் மணமானவர். வீட்டுச் சிறுவர்க்குக் கதை கூறுதல் அவர் வழக்கம். அவர் இயற்றிய முதல் நாடகமாகிய இந்திர மோகனாவை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்தவர் அவருடைய தோழி. பின்னரே எழுதப் படிக்க நன்கு தேர்ந்து, 1925இல் ஜகன்மோகினி இதழைத் தாமே ஏற்று நடத்தி, வைதேகி முதலாக 115 நாவல்கள் எழுதினார். எழுத்துக்கு முன்னரே கதை அவரிடம் இருந்தது. எவ்விடத்தில் நிறுத்தினால் குழந்தை மேலே கேட்கும், எவ்விடத்தில் நீட்டினால் உறங்கிவிடும் என்னும் அறிவை அவர் ஏட்டிலிருந்து பெற்றிலர்.

கு. ப. சேது அம்மாள் வரலாறு இதன் மறுதலை. மேலூரில் அரசு அலுவலராயிருந்த கு. ப. ரா. கண்புரையால் பார்வை குன்றியபோது, அவர் சொல்லச் சொல்லக் கதைகளை எழுதியவர் அவர் தங்கை சேது அம்மாள். அண்ணன் ஒரு தொடரைச் சொல்லி, பின்னர் அதனை மாற்றி, ஒரு சொல்லை நீக்கி, வேறொன்றை இடுவதை அருகிருந்து கேட்ட செவி அது. முடிந்த கதையைப் படிப்போர்க்கு நீக்கப்பட்ட சொல் தெரியாது. எழுதிக்கொடுத்தவர்க்கே அது தெரியும். அவ்வம்மையார் பின்னர்த் தாமும் சிறுகதையாசிரியராய்ப் புகழ்பெற்றார்.

ஒருவர் சொல்லி எழுதப் பழகினார். மற்றவர் கேட்டு எழுதப் பழகினார். பெண்களுக்குக் கல்லூரி வாயில் பெரும்பாலும் அடைத்திருந்த காலத்தில் இவ்விருவரும் கற்றது வீட்டுக்குள்ளேயே. இவர்களை நம் இலக்கிய வரலாற்று நூல்கள் பெயர்ப்பட்டியலில் சேர்த்து மேற்செல்கின்றன. தொழில் கற்ற வரலாற்றில் இவர்கள் பெறவேண்டிய இடம் அதனினும் பெரிது.

7. தடையும் விடையும்

இங்கே இரு தடைகள் எழலாம். மௌனி 24 கதைகளே எழுதித் தனித்து ஒதுங்கி வாழ்ந்தவர். அவர் யாரோடு பயின்றார் என்பது முதல் தடை. அவர் எழுத்து அவருடையதே. அதனை எவரும் கற்பிக்கவில்லை. ஆயின் அவ்வெழுத்து வெளிப்படுதற்கு ராமையா என்னும் முதல் வாசகர் வேண்டியிருந்தது. தனிமையில் எழுதுவோனுக்கும் கேட்கும் செவி ஒன்று வேண்டும் என்பதனையே மௌனியின் வரலாறு வலியுறுத்துகின்றது.

வார இதழ்கள் வழங்கிய கல்வியை ஏன் சேர்க்கவில்லை என்பது இரண்டாந் தடை. கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி (1899–1954) 1937இல் ஆனந்த விகடனில் கள்வனின் காதலியையும், 1941இல் தொடங்கிய கல்கி இதழில் பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம், பொன்னியின் செல்வன் ஆகியவற்றையும் தொடராக எழுதினார். கிழமைதோறும் காத்திருக்கும் வாசகர் கூட்டமே அவர்க்கு ஆசான். பாத்திரங்கள் பலவற்றை மறவாது நடத்திச் செல்லுதல், அதிகாரத்தின் இறுதியில் ஆவலை நிறுத்தி வைத்தல், கடினமான வரலாற்றை எளிய தமிழில் கூறுதல் ஆகியவற்றை அக்கூட்டம் அவர்க்குப் பயிற்றியது. இக்கல்வி சிறியதன்று. ஆயினும் கூட்டம் மகிழும், அல்லது வேறிதழை நாடும். இன்ன தொடர் பிழைத்தது, இன்ன இடம் பொய்யாயிற்று என எடுத்துச் சொல்லாது. அதனைச் சொல்லுதற்கு உடன் பயில்வோன் ஒருவன் வேண்டும். செல்லப்பா 1959 முதல் 1970 வரை நடத்திய எழுத்து இதழ் அக்கடமையையே தலைமேற் கொண்டது. விற்பனை மிகச் சிறியதாயினும், ஒரு கதையை வரிவரியாக நின்று ஆராயும் பழக்கத்தைத் தமிழில் அது வேரூன்றச் செய்தது.

8. புளியமரத்தடி

இதுகாறும் கூறிய மூவகைக் கல்வியும் ஒருவரிடத்தே கூடியதனைச் சுந்தர ராமசாமியிடம் (1931–2005) காணலாம். இளமையைக் கோட்டயத்தில் மலையாளச் சூழலில் கழித்த அவர், பதின்பருவத்தின் இறுதியிலேயே தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். 1951இல் புதுமைப்பித்தன் நினைவு மலரை வெளியிட்டார். தகழி சிவசங்கர பிள்ளையின் தோட்டியின் மகனை 1950களில் மொழிபெயர்த்தார். அது நூலாக வெளிவந்தது 2000இலேதான். தகழியின் செம்மீன் அவர் மொழிபெயர்ப்பில் 1962இல் வந்தது. விஜயபாஸ்கரனின் சரஸ்வதி இதழும் அதைச் சூழ்ந்த எழுத்தாளரும் அவர்க்கு உடன் பயின்றோராயினர். இவற்றின்பின் 1966இல் ஒரு புளியமரத்தின் கதை நூலாயிற்று.

ஐயரின் அரசமரத்துக்கும் இப்புளியமரத்துக்கும் இடையே 51 ஆண்டுகள். அரசமரம் தானே கதை சொல்லிற்று. புளியமரம் வாய் திறப்பதில்லை. அதன் பழைய கதையை முதியவராகிய தாமோதர ஆசான் சொல்கின்றார். இளைஞர் சூழ அமர்ந்து கேட்கின்றனர். கேட்டவருள் ஒருவன் பின்னாளில் நமக்கு உரைக்கின்றான். மரத்தைப் பேசவைக்க வேண்டிய தேவை நீங்கிவிட்டது. யார் சொன்னதை யார் கேட்டு யார்க்குச் சொல்கின்றார் என்பது தெளிவாக அமைந்துவிட்டது. அரைநூற்றாண்டுப் பயிற்சியின் பயன் அவ்வமைப்பில் தெரிகின்றது. கதைக்குள் கதை கற்பிப்பவர்க்கு ஆசான் என்பதே பெயராய் அமைந்ததும் பொருத்தமே.

9. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன இவை. புனைகதைத் தொழில் தமிழில் கற்றே பெறப்பட்டது. பிறவி ஆற்றல் மட்டும் போதியதாயின், ராஜம் ஐயரின் பிற்பகுதி நெகிழ்ந்திராது, மாதவையா பதினொரு ஆண்டு காத்திரார். மேனாட்டுக் கதையும் வங்கக் கதையும் மலையாளக் கதையும் அதற்குத் துணைசெய்தன. ஆயினும் கொண்டதை மாற்றிச் சொல்லிய உழைப்பே தமிழ்க்கதையை ஆக்கியது. இவ்வுழைப்பு எங்கும் தனித்து நிகழவில்லை. தோழி, தங்கை, அண்டை வீட்டு நண்பர், இதழாசிரியர், மூல நூலின் ஆசிரியர் என யாரேனும் ஒருவர் அருகில் இருந்தனர்.

இன்று தமிழ்த்துறைகள் பலவற்றில் படைப்பிலக்கியம் என்னும் தாள் பாடமாக அமைந்துள்ளது. அதிலும் சிறுகதையின் விளக்கம், கூறுகள், வகைகள் என்பனவற்றை நாம் உரைக்க, மாணவர் எழுதிக்கொண்டு தேர்வில் திருப்பித் தருகின்றனர். நன்னூலார் கணக்கின்படி இது முதற் காற்பங்கே. ஒரு பிறமொழிக் கதையை ஓராண்டு முழுதும் வைத்துத் தமிழாக்கச் செய்தல், எழுதிய கதையை வகுப்பில் உரக்கப் படிக்கச் செய்தல், ஒருவர் சொல்ல மற்றவர் எழுதச் செய்தல் ஆகிய மூன்றும் செலவில்லாதவை; நம் முன்னோர் வழக்கால் தேர்ந்தவை. பள்ளிக் கல்வியையும் முற்ற முடிக்காத கி. ராஜநாராயணன் (1923–2021) புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராய் அமர்ந்து நாட்டார் கதைகளைத் தொகுத்தமை, இக்கல்விக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் உண்டு என்பதற்குச் சான்று.

என்னிடம் கதை கொண்டுவந்த மாணவி படிப்பை முடித்துச் சென்றுவிட்டாள். அவள் வினவியபோது யான் செய்திருக்க வேண்டுவது ஒன்றே. அக்கதையை அவள் வாயாற் படிக்கச் சொல்லி, இறுதிவரை கேட்டு, என் செவி எவ்விடத்தில் தளர்ந்தது என்பதை அவளுக்குக் கூறியிருத்தல் வேண்டும். அடுத்த ஆண்டு வகுப்பை அங்ஙனமே தொடங்கக் கருதியுள்ளேன்.